பெரியவர்களுக்குப் பியானோ சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு வயதில் பியானோ முன்னால் உட்காரவைக்கப்பட்டவருக்கு, விரல்கள் எப்படிப் பழகின என்பது நினைவில் இருக்காது. எனக்கும் இல்லை. பியானோ தேர்வின் 8 கிரேடும் முடித்து, முப்பது வருடம் வாசித்த பிறகு, ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். வலது கையில் ஒரு ஸ்கேல், அதாவது சுரங்களை வரிசையாக வாசிக்கும் பயிற்சி, வாசித்துக் காட்டினேன். அவருக்கு வரவில்லை. மறுபடியும் வாசித்துக் காட்டினேன், அப்புறம் இன்னொரு முறை. அன்று நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆசிரியராகும்போது செய்யும் முதல் தவறு இது.

வாசித்துக் காட்டுவது போதாது, பிரித்துச் சொல்ல வேண்டும். சி மேஜர் ஸ்கேலில் மூன்றாவது விரல் (நடுவிரல்) அழுத்திய பிறகு கட்டைவிரலை உள்ளே நுழைக்கப் பார்த்தால் முழங்கை தூக்கிக்கொள்ளும். இரண்டாவது விரல் (ஆள்காட்டி விரல்) அழுத்தும்போதே கட்டைவிரல் உள்ளே நகர ஆரம்பித்துவிட வேண்டும். நம் கை இதைத் தானாகவே செய்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. வலது கைப் பகுதியை இடது கையால் மெதுவாக வாசித்துப் பாருங்கள். புதிதாகக் கற்பவரின் தடுமாற்றம் கொஞ்சம் புரியும்.

இரண்டாவது தவறு, பெரியவர்களைக் குழந்தைகள் போல நடத்துவது. படம் போட்ட புத்தகம், ஸ்டிக்கர், அடுத்த வருடம் எந்த கிரேடு என்ற கேள்வி. நாற்பது வருடமாகப் பாட்டுக் கேட்ட காது அவர்களுடையது. என்ன வாசிக்க வேண்டும் என்பது முதல் நாளே புரிந்துவிடும், கை அதற்கு வந்து சேர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் கூச்சம் வருகிறது. இது எல்லாருக்கும் நடப்பது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். தேர்வு எழுத ஆசைப்படுபவர் எழுதட்டும், மற்றவர்களைத் தள்ள வேண்டாம். 1723-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் இரு குரல் பயிற்சிகளின் தலைப்புப் பக்கத்தில், இவை இசைப்பலகை மீது பிரியம் உள்ளவர்களுக்காக என்றுதான் எழுதினார்.

பெரும்பாலானவர்கள் பீத்தோவனின் 'ஃபியூர் எலீஸ்' வாசிக்க வேண்டும் என்று வருவார்கள். அதெல்லாம் அப்புறம் என்று தட்டிக்கழிப்பதும் தவறு, முழுவதையும் கையில் கொடுப்பதும் தவறு. எல்லாருக்கும் தெரிந்த அந்த முதல் பகுதியில் பெரும்பாலும் ஒரு கை முடித்த இடத்தில்தான் மறு கை தொடங்கும். சில மாதம் பழகியவரால் மெதுவாக வாசித்துவிட முடியும். நடுவில் வரும் வேகமான பகுதிகள் வேறு கதை, அவற்றை விட்டுவிடலாம். ஆசைப்பட்ட பாட்டில் ஒரு பக்கமாவது கைக்கு வந்தவர் வகுப்பை விடமாட்டார்.

என் மனதை இன்னும் உறுத்தும் தவறு ஒன்று உண்டு. பல வருடம் கர்நாடக சங்கீதம் பாடிய ஒரு அம்மா என்னிடம் வந்தார். "சுரங்களைக் கொஞ்ச நாள் மறந்துடுங்கம்மா, சி, டி, இ என்றே நினைங்க" என்றேன். ஜி-யில் தொடங்கும் ஜி மேஜர் ஸ்கேலில் எஃப் ஷார்ப் என்ற கறுப்புக் கட்டையை மாதக்கணக்கில் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் வேறு வழி தெரியாமல், "ஐந்து கட்டை சுருதி, அதாவது ஜி-தான் ஸ. சங்கராபரணம் பாடிக்கொண்டே வாசிங்க" என்று சொன்னேன். நிஷாதம் வந்ததும் விரல் நேராக நாலரைக் கட்டைக்கு, அதாவது எஃப் ஷார்ப்புக்குப் போனது. அதற்கு இடப்பக்கத்து வெள்ளைக் கட்டையான எஃப்பை அழுத்தினால் அது ஹரிகாம்போதி என்று அவரே சொல்லிவிட்டார். ஏ மைனரின் ஹார்மோனிக் வடிவம் கீரவாணி என்றதும் அதையும் பிடித்துக்கொண்டார். நான் மறக்கச் சொன்னதுதான் அவருடைய பலம்.

அவருக்கு உண்மையிலேயே புதிதாக இருந்தது இடது கை. அவர் பாடிப் பழகியது ஒற்றை வரி இசை. இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்யும்போது காது திணறும். அதனால் இடது கையில் தம்பூராவைப் போல ஸ, ப இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு வலது கையில் மெட்டை வாசிக்கச் சொன்னேன். அது நிலைத்த பிறகு கார்ட் (சில சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்துவது), அதற்கும் பிறகு தனி வரி. அவசரப்படவில்லை.

உடம்பையும் பார்க்க வேண்டும். முன்னங்கை தரைக்கு இணையாக இருக்கும்படி இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். தோள் காதுப் பக்கம் ஏறினால் நிறுத்துங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லவே கூடாது. வீட்டில் இருப்பது கனமில்லாத கட்டைகள் கொண்ட 61 கட்டை கீபோர்டு என்றால், வகுப்புப் பியானோவில் விரல் பலம் போதாமல் சத்தம் சீரில்லாமல் வரும். அதற்காக அவரைக் குறை சொல்லாதீர்கள்.

அப்புறம் சாதகம். "இந்த வாரம் உட்காரவே முடியல, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி" என்று தலைகுனிந்து வருவார்கள். கோபித்துக்கொண்டால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட தினம் 15 நிமிடம் மேல் என்று சொல்லுங்கள். அதுவும் முடியாத வாரத்தில் அந்தச் சாதகத்தை வகுப்பிலேயே சேர்ந்து செய்யுங்கள். பாட்டில் நாலே அளவை (தாளக் கட்டங்களை) எடுத்து, ஒரு கையை அவர் வாசிக்க மறு கையை நீங்கள் வாசியுங்கள். பாதியில் கையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றும் வாசிக்காமல் வந்தவர், போகும்போது அந்த நாலு அளவையும் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்குவார்.