டீம்ஸ் ஷிஃப்ட்ஸில் இருக்கும் பணி அட்டவணையை ஏபிஐ வழியாக எடுப்பது எப்படி?

மருத்துவமனை, ஹோட்டல், சூப்பர் மார்க்கெட் என ஷிஃப்ட் முறையில் வேலை நடக்கும் பல இடங்களில், மேலாளர் மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் ஷிஃப்ட்ஸ் செயலியில் அட்டவணை போடுகிறார். அப்புறம் வேறொருவர் அதைப் பார்த்துப் பார்த்து எக்செலில் ஏற்றுகிறார். அப்படி ஏற்றும்போது ஒரு வரி தவறினால், யாரோ ஒருவரின் இரவு ஷிஃப்ட் கணக்கில் வராமல் போய்விடும். மைக்ரோசாஃப்ட் கிராஃப் ஏபிஐ, அதாவது மைக்ரோசாஃப்ட் சேவைகளில் உள்ள தகவலை நிரல்கள் கேட்டு வாங்குவதற்கான வழி, இந்தத் தகவலை நேரடியாகவே தருகிறது. நிரல் எழுதிப் பழக்கம் இல்லாதவர்களும் முதல் நான்கு படிகளைச் செய்து பார்க்கலாம். பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

படி 1: கிராஃப் எக்ஸ்ப்ளோரரைத் திறங்கள்

கிராஃப் எக்ஸ்ப்ளோரர் என்பது பிரவுசரிலேயே ஏபிஐயைச் சோதித்துப் பார்க்க உதவும் மைக்ரோசாஃப்ட் தளம். அலுவலகக் கணக்கில் உள்நுழையுங்கள். 'மாடிஃபை பெர்மிஷன்ஸ்' பகுதியில் 'ஷெட்யூல்.ரீட்.ஆல்' என்ற அனுமதிக்கு ஒப்புதல் கொடுங்கள். பல நிறுவனங்களில் இதை ஐடி நிர்வாகிதான் கொடுக்க முடியும். அவரிடம் கேட்கும்போது படிக்கும் அனுமதி மட்டும் போதும் என்று சொல்லுங்கள். அட்டவணையை மாற்றும் 'ரீட்ரைட்' அனுமதி நமக்கு வேண்டாம். மற்றவர்களின் வேலை நேரம் அவர்களுடைய சொந்த விஷயம்; தேவைக்கு மேல் ஒரு கதவைக்கூடத் திறக்கக் கூடாது.

படி 2: குழுவின் ஐடியைக் கண்டுபிடியுங்கள்

ஷிஃப்ட்ஸில் ஒவ்வொரு அட்டவணையும் ஒரு டீம்ஸ் குழுவோடு ஒட்டியிருக்கும். 'மீ/ஜாயின்ட்டீம்ஸ்' என்ற முகவரிக்கு 'கெட்' (தகவலைப் படிக்க மட்டும் கேட்கும்) கோரிக்கை அனுப்பினால், நீங்கள் இருக்கும் குழுக்களின் பட்டியல் வரும். வேண்டிய குழுவின் ஐடியை நகலெடுத்து வையுங்கள்.

படி 3: அட்டவணையின் நேர மண்டலத்தைப் பாருங்கள்

'டீம்ஸ்/குழு ஐடி/ஷெட்யூல்' என்று கேளுங்கள். பதிலில் 'டைம்ஸோன்' என்ற புலம் இருக்கும். இந்தியக் குழுவாக இருந்தால் பொதுவாக 'ஏசியா/கொல்கத்தா' என்று இருக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், படி 5-இல் தேவைப்படும்.

படி 4: ஷிஃப்டுகளை எடுங்கள்

அதே முகவரியின் கடைசியில் '/ஷிஃப்ட்ஸ்' சேர்த்து அனுப்புங்கள். ஜேசன் வடிவில் (புலப் பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக எழுதப்பட்ட உரை) பட்டியல் வரும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் 'யூசர்ஐடி' இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. பெயர் வேண்டுமென்றால் அந்த ஐடியை வைத்து 'யூசர்ஸ்' முகவரியில் தனியாகக் கேட்க வேண்டும். அதற்குப் பயனர் விவரங்களைப் படிக்கும் அனுமதியும் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் அடுத்தது. ஒரே ஷிஃப்டுக்குள் 'ஷேர்ட்ஷிஃப்ட்', 'டிராஃப்ட்ஷிஃப்ட்' என்று இரண்டு பகுதிகள் இருக்கும். ஊழியர்களோடு பகிரப்பட்ட அட்டவணை முதல் பகுதியில் இருக்கிறது. மேலாளர் மாற்றிக்கொண்டிருக்கும், இன்னும் வெளியிடாத வரைவு இரண்டாவதில் இருக்கிறது. ஊழியருக்குக் காட்டவோ கணக்குப் போடவோ எடுப்பதாக இருந்தால் 'ஷேர்ட்ஷிஃப்ட்' மட்டும் எடுங்கள். அது காலியாக, அதாவது 'நல்' என்று இருந்தால் அந்த ஷிஃப்ட் இன்னும் அறிவிக்கப்படவில்லை என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். வரைவை நம்பி ஒருவருக்கு 'நாளை காலை வாருங்கள்' என்று செய்தி போய்விட்டால், அவருடைய விடுப்பு நாள் வீணாகிவிடும்.

உள்ளே 'ஆக்டிவிட்டீஸ்' என்று இன்னொரு பட்டியலும் இருக்கலாம். உணவு இடைவேளை போன்றவை அதில் வரும். ஒவ்வொன்றிலும் 'இஸ்பெய்ட்' புலம் அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று சொல்லும்.

படி 5: நேரத்தைச் சரியாகக் கையாளுங்கள்

எல்லா நேரமும் உலகப் பொது நேரமான யூடிசியில்தான் வரும். கடைசியில் 'இசட்' என்ற எழுத்து இருந்தால் அது யூடிசி. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட் 16:30 என்று வரும். காலை 5 மணி ஷிஃப்டோ முந்தின நாள் தேதியில் 23:30 என்று வரும். தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் அந்த ஷிஃப்ட் தவறான நாளில் போய் உட்காரும். சிங்கப்பூரில் 8 மணி நேர வித்தியாசம் என்பதால், காலை 8 மணிக்கு முன் தொடங்கும் எல்லா ஷிஃப்டுக்கும் இதே கதிதான்.

கையால் 5:30 கூட்டாதீர்கள். படி 3-இல் குறித்த நேர மண்டலப் பெயரை உங்கள் நிரல் மொழியின் நேர நூலகத்திடம் கொடுத்து மாற்றுங்கள். இந்தியாவில் கோடைகால நேர மாற்றம் கிடையாது, சிகாகோவில் உண்டு. கிளைகள் பல நாடுகளில் இருந்தால் கைக்கணக்கு ஒத்துவராது.

ஒரு குறிப்பிட்ட நாள் மட்டும் வேண்டுமென்றால் 'ஃபில்டர்' பயன்படுத்தலாம். தொடக்க நேரம் இதற்குச் சமம் அல்லது பின்னால், முடிவு நேரம் இதற்குச் சமம் அல்லது முன்னால் என்று இரண்டு நிபந்தனை கொடுப்போம். இந்திய நேரப்படி 2025 மார்ச் 10 முழுவதும் வேண்டுமென்றால் யூடிசியில் மார்ச் 9 மாலை 18:30 முதல் மார்ச் 10 மாலை 18:30 வரை.

ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரையிலான ஷிஃப்ட் இதில் வராது! அது மறுநாள் முடிவதால் இரண்டாவது நிபந்தனையில் அடிபடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, பட்டியலில் இரவு ஊழியர்கள் இல்லாமல் போவார்கள், அவ்வளவுதான். அதனால் முன்னும் பின்னும் ஒரு நாள் கூட்டிக் கேளுங்கள். பிறகு உங்கள் நிரலில், அந்த நாள் முடிவதற்கு முன் தொடங்கி, அந்த நாள் தொடங்கிய பின் முடிகிற ஷிஃப்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மிச்சப் பக்கங்களையும் எடுங்கள்

பதிலில் 'நெக்ஸ்ட்லிங்க்' என்று ஒரு முகவரி இருந்தால், பட்டியல் இன்னும் முடியவில்லை. அந்த முகவரியை அப்படியே அழையுங்கள்; அது வராமல் போகும்வரை தொடருங்கள். விடுப்புகள் இந்தப் பட்டியலில் கிடைக்காது, 'டைம்ஸ்ஆஃப்' என்ற தனி முகவரியில் கேட்க வேண்டும். ஷிஃப்ட்ஸ் பட்டியல் சொல்வது திட்டமிட்ட நேரத்தை. ஊழியர் உண்மையில் வந்து போன நேரத்தை அல்ல. சம்பளக் கணக்கு போடுகிறவர்கள் வருகைப் பதிவோடு ஒப்பிடாமல் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

படி 7: தானாக ஓட வைப்பது

தினமும் தானாக ஓட வேண்டுமென்றால், நிறுவனக் கணக்குகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா தளத்தில் உங்கள் செயலியைப் பதிவு செய்யுங்கள். டெனன்ட் ஐடி (உங்கள் நிறுவனத்தின் அடையாள எண்), கிளையன்ட் ஐடி (செயலியின் அடையாள எண்), கிளையன்ட் சீக்ரெட் (செயலியின் கடவுச்சொல் போன்றது) ஆகிய மூன்றும் வேண்டும். சீக்ரெட்டின் மதிப்பு உருவாக்கிய சமயத்தில் மட்டும்தான் தெரியும், உடனே பாதுகாப்பான இடத்தில் சேமியுங்கள். நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள். 'அப்ளிகேஷன்' வகை அனுமதிக்கு (ஆள் உள்நுழையாமல் செயலியே இயங்குவதற்கானது) நிர்வாகி ஒப்புதல் தந்ததும், இந்த மூன்றையும் கொடுத்து டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்கி, ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்புப் பகுதியிலும் 'பேரர்' என்ற சொல்லுக்குப் பின் அதைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

பதிலில் 401 வந்தால் பெரும்பாலும் டோக்கன் காலாவதியாகி இருக்கும், புதிது வாங்குங்கள். 403 என்றால் அனுமதி போதவில்லை, நிர்வாகியிடம் பேசுங்கள். 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள். அதோடு வரும் 'ரீட்ரை-ஆஃப்டர்' எண், எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று சொல்லும். அதுவரை நிறுத்தி, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.