தொலைவு, வேகம், நேரம்: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

பத்தாம் வகுப்பு மாணவர்களின் நோட்டுகளைத் திருத்தும்போதெல்லாம், அந்த வயதில் நான் செய்த பிழைகளையே அதே இடங்களில் காண்கிறேன். சூத்திரத்தை மறப்பதையும் பெருக்கலில் தவறுவதையும் அவர்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எதிலிருந்து எதைக் கழிப்பது?

ஒரு பேருந்து 120 கி.மீ. தொலைவைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 20 கி.மீ. கூடியிருந்தால் பயணத்தில் 1 மணி நேரம் குறைந்திருக்கும் எனில், அதன் வேகம் என்ன? வேகத்தை x எனக் கொண்டதும், ‘கூடியிருந்தால்’ என்ற சொல்லிலேயே கண் நின்றுவிட, பலர் இப்படி எழுதுகிறார்கள்:

120/(x + 20) − 120/x = 1

தொலைவு மாறாதபோது வேகம் கூடினால் நேரம் குறையும். ஆகவே இடப்பக்கம் குறை எண்; அது 1-க்குச் சமமாக வழியே இல்லை. விரித்தால் x² + 20x + 2400 = 0 என்று வரும்; இதற்கு மெய்யெண் மூலங்கள் கிடையா.

இதற்குப் பின் நடப்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிறது. காரணிப்படுத்த முடியாமல் தவிக்கும் மாணவர், முதல் வரிக்குத் திரும்பாமல், +2400 என்பதை −2400 என்று மாற்றிப் பூசி மெழுகி, 40 என்ற விடையை வரவழைத்துவிடுகிறார். ஓர் அரையாண்டுத் தேர்வில் நானும் அப்படித்தான் செய்தேன். விடை சரியாகவே இருந்தது. ஆசிரியர் முதல் வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 5-க்கு 1 மட்டும் போட்டிருந்தார். சமன்பாடு தானாகக் காட்டிக்கொடுத்த பிழையை நான் மறைத்திருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது.

அதனால், சமன்பாட்டுக்கு முன் ‘பழைய நேரம் அதிகம், புதிய நேரம் குறைவு’ என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன். அதன்பின் 120/x − 120/(x + 20) = 1 என்பது இயல்பாக வரும்; (x + 60)(x − 40) = 0 என்று பிரியும். 40 கி.மீ. வேகத்தில் 3 மணி, 60 கி.மீ. வேகத்தில் 2 மணி என்று சரிபார்த்த பிறகே விடைக்குக் கீழே கோடிட வேண்டும்.

நிமிடமும் மணியும்

வேகம் மணிக்கணக்கில் இருக்கும்போது, வலப்பக்கத்தில் 1-க்குப் பதில் 60 நிமிடம் என்று 60-ஐ எழுதினால், பேருந்தின் வேகம் மணிக்கு 2 கி.மீ.க்கும் குறைவாக வரும். நடந்து செல்பவரே அதைவிட விரைவாகப் போவார்.

சராசரி வேகம்

அதே சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போய், 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால், சராசரி 50 அன்று. 240 கி.மீ. தொலைவுக்கு 5 மணி நேரம் ஆகியிருக்கிறது, எனவே 48. மெதுவான வேகத்தில்தான் வண்டி அதிக நேரம் ஓடியிருக்கிறது.

ரயிலின் நீளம்

நடைமேடையைக் கடக்கும் ரயில், தன் நீளத்தையும் சேர்த்தே கடக்கிறது.

−60

பேருந்துக் கணக்கில் x + 60 = 0 தரும் இந்த இன்னொரு மூலத்தை, வேகம் குறை எண்ணாக இராது என்று எழுதிவிட்டே நீக்க வேண்டும்.