பென்ஸ், பிஎம்டபிள்யூவுக்குப் பெரிய றிம் போடும்போது விடும் பிழைகள்

பாவித்த அலோய் றிம் தேடினால் யாழ்ப்பாணத்தில் முதலில் கைக்கு வருவது ஜப்பான் கார்களில் கழற்றிய செட்தான். அவற்றில் பல 5×114.3, அதாவது ஐந்து போல்ட் துளைகள், அவற்றின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. பென்ஸ் ஹப்போ (சில்லைப் பூட்டும் நடுப்பகுதி) 5×112. வித்தியாசம் வெறும் 2.3 மி.மீ.; கண்ணுக்குத் தெரியாது, போல்ட்டும் எப்படியோ ஏறிவிடும். இதைவிட ஆபத்தான பிழை வேறில்லை. போல்ட் சரிந்தபடி இறுகுவதால் அதன் தலை ஒரு பக்கம்தான் அமரும். ஓட ஓடத் தளரும், பிறகு முறியும். "ஆட்டி ஆட்டி இறுக்கினால் சரிவரும்" என்று யார் சொன்னாலும் அந்த செட்டை வாங்காதீர்கள். பிஎம்டபிள்யூ 5 சீரிஸிலும் கவனம் தேவை: எஃப்10 தலைமுறைக்கு 5×120, அடுத்து வந்த ஜி30க்கு 5×112.

அடுத்தது நடுத்துளை. பென்ஸ் ஹப் 66.6 மி.மீ.; வெளிச்சந்தை றிம்கள் பலவற்றில் துளை 73.1. இடையில் 73.1–66.6 வளையம் போடாவிட்டால் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். ரயரில் பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப பலன்ஸ் பார்ப்பது வீண்செலவு.

பழைய போல்ட்டையே போடுவதும் பிழை. பென்ஸின் சொந்தப் போல்ட் றிம்மில் அமரும் முகம் உருண்டை. வெளி றிம்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. முகம் பொருந்தாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. றிம்மோடு சேர்த்து 20 போல்ட்டும் புதிதாக வாங்குங்கள்.

இனி ரயர். 225/55 ஆர்17 (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் அதில் 55 வீதம், றிம் 17 அங்குலம்) ரயரின் மொத்த உயரம் 679 மி.மீ. றிம் பெரிதானாலும் இந்த உயரம் மாறக்கூடாது. 18 அங்குலத்துக்கு 245/45 போட்டால் 678, 19க்கு 245/40 போட்டால் 679. சிலர் அந்த 45ஐயே 19க்கும் போடுகிறார்கள். உயரம் 703 ஆகிவிடும். மீற்றர் காட்டுவதைவிடக் கார் 3.5 வீதம் வேகமாக ஓடும், மட்காட்டின் உள்பக்கமும் உரசும். சுமைக் குறியீட்டையும் விடாதீர்கள்: பழைய ரயரில் 97 என்றால் ஒன்று 730 கிலோ தாங்கும். 19 அங்குலத்தில் 94 வாங்கினால் 670தான். 98 எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும் வகை) வாங்கினால் 750.

உயரம் சரியாக வந்தாலும் பக்கச்சுவர் குறைகிறது. 17இல் 124 மி.மீ. இருந்தது 19இல் 98. கார்த்திகை மழைக்குப் பிறகு ஒழுங்கைகளில் குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது. குழியின் விளிம்புக்கும் றிம்முக்கும் இடையில் ரயர் நசிந்தால் உள்ளே நூல் அறுந்து பக்கச்சுவரில் முட்டை மாதிரிப் புடைக்கும். அதற்கு ஒட்டு இல்லை, ரயரை எறிய வேண்டியதுதான். சில வேளை றிம்மும் வெடிக்கும். வடிவுக்கு 19 நல்லதுதான். ஆனால் தினமும் ஓடும் காருக்கு 18உடன் நிற்பதே எங்கள் கருத்து.

அகலம் கூட்டும்போது ஈ.டி. எண்ணைக் (றிம் அகலத்தின் நடுவிலிருந்து ஹப்பில் அமரும் முகம் எத்தனை மி.மீ. வெளியே உள்ளது என்பது) கணக்கிடுங்கள். 8 அங்குலம், ஈ.டி.43 இருந்த இடத்தில் 9 அங்குலம், ஈ.டி.35 போட்டால் சில்லு உள்ளே 5 மி.மீ., வெளியே 21 மி.மீ. தள்ளும். வெறுங்காரில் உரசாது. பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி, டிக்கியில் பாரம் வைத்து, வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக உடைத்துப் பின்னோக்கியும் எடுங்கள். உள் பிளாஸ்டிக்கில் புதிதாக மினுங்கும் கோடு தெரிந்தால் அங்கேதான் உரசுகிறது.

பண்ணை, காரைநகர்ப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் முகத்தைக் கடைந்து மினுக்கிய றிம்மைத் தவிருங்கள். மேல்பூச்சு ஓர் இடத்தில் உடைந்தால் உப்புக் காற்று உள்ளே போய் வெள்ளைப் புழுப்போல் அரிப்பு ஓடும். முழுதும் பெயின்ட் அடித்தது நீடிக்கும்.

கடைசி இறுக்கத்தைக் காற்று கன்னால் முடிக்க விடாதீர்கள். டோர்க் ரெஞ்சால், கார் கைநூலில் உள்ள அளவுக்கு, நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சில்லு ஆறிய பிறகு மறுபடி அதே அளவுக்குப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி போய்ச் சேரும் தூரம் அதற்குப் போதும்.