மசக்கை வாந்தியா? உடனே பல் துலக்காதீர்கள்

வாந்தி எடுத்த கையோடு பிரஷ்ஷை எடுக்க வேண்டாம். வயிற்று அமிலம் பட்டு எனாமல் இளகியிருக்கும், உடனே துலக்கினால் தேய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

ஈறில் ரத்தம் கசிகிறதா? ஹார்மோன் மாற்றத்தால் வருவது. துலக்குவதை நிறுத்தாதீர்கள், மென்மையான பிரஷ்ஷுக்கு மாறுங்கள்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம், "பிள்ளை பிறக்கட்டும், பல்லை அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 4 முதல் 6 மாதம் வரை பல் சிகிச்சைக்கு வசதியான காலம். வளைகாப்புக்கு முன்பே போய்விடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு, தூக்கமில்லாத நாட்களிலும் இரவுத் துலக்கலை விடாதீர்கள். அப்புறம், குழந்தைக்குச் சோறூட்டும் கரண்டியை உங்கள் வாயில் வைக்காதீர்கள். சொத்தைக் கிருமி எச்சில் வழியாகவும் தொற்றும்.