இன்டராக்‌ஷன் டிசைன் படிக்கிறீர்களா? மதுரை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரிகளுக்கென்று ஒரு செயலியை வடிவமைத்துக் கொண்டுவந்தார், மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி. வெள்ளைப் பின்னணி, வெளிறிய சாம்பல் எழுத்து, ஓரத்தில் ஒரு மல்லிகைச் சரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "மார்க்கெட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீங்க?" என்று கேட்டேன். அவர் போகவே இல்லை. எப்போதோ அம்மாவோடு பூ வாங்கப் போன ஞாபகத்தை வைத்தே அத்தனை திரைகளையும் வரைந்திருந்தார்.

அடுத்த வாரம் இருட்டோடு கிளம்பி, தோழியையும் கூட்டிக்கொண்டு போய் வந்தார். அவருடைய நோட்டில் 'கை ஈரம்' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. பூ வாடாமல் இருக்க வியாபாரிகள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் போனின் தொடுதிரை விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஈர விரல் பட்டால் திரை குழம்பி, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கும். போதாததற்கு ஒரு கை தராசில், ஒரு கை சாக்கில். ஆறு மணிக்குச் சொன்ன விலை ஒன்பது மணிக்கு இல்லை. பணம் வந்ததா என்று யாரும் போனை எடுத்துப் பார்ப்பதும் இல்லை. கடையில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் தொகையைத் தமிழில் சொல்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் அடுத்த ஆளுக்கு எடை போடுகிறார்கள். மாணவி தன் இருபது திரைகளையும் ஓரமாக வைத்துவிட்டு, விலையைக் குரலில் சொல்லிப் பதிவு செய்கிற மாதிரி முதலிலிருந்து தொடங்கினார்.

பத்து வருடங்களுக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மதுரைப் பக்கத்து மாணவர்கள் தங்கள் புராஜெக்ட்டுகளை அவ்வப்போது காட்டுவார்கள். விஸ்காம், பிசிஏ, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எங்கிருந்து வந்தாலும், திறமைக்குக் குறைவே இல்லை. ஆனால் திரை வரைவதுதான் இந்தப் படிப்பு என்று நம்பி இரண்டு மூன்று வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். இந்தத் துறைக்கு 1980-களில் 'இன்டராக்‌ஷன் டிசைன்' என்று பெயர் வைத்தவர்களில் ஒருவரான பில் மாக்ரிட்ஜ் அடிப்படையில் பொருள்களை வடிவமைத்தவர். 1982-இல் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்ற மடிக்கணினியின் உடலை வடிவமைத்தவர் அவர்தான். அதைத் தானே பயன்படுத்த உட்கார்ந்தபோது கொஞ்ச நேரத்தில் பெட்டி மறந்துபோய், திரைக்குள் நடப்பதிலேயே மனம் மூழ்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். மனிதருக்கும் கருவிக்கும் நடுவே நடக்கும் அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் நம் பாடம்.

மென்பொருளையே படிப்பாக நினைப்பது

"எனக்கு ஃபிக்மா நல்லா தெரியும் சார்" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்குகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஃபோட்டோஷாப்பில் திரை வரைந்தோம். அப்புறம் ஸ்கெட்ச் வந்தது, அடோபி எக்ஸ்டி வந்தது, 2016-இல் ஃபிக்மா பொதுவில் வந்து மற்றவற்றை ஓரங்கட்டியது. இப்போது ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் ஏஐ திரையை வரைந்து தருகிறது. கருவியை மட்டும் கற்றவர்கள் ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மாறாமல் நிற்பவை வேறு. இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் கை அதை அடைய அதிக நேரம் எடுக்கும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். கையில் ஒரு குச்சி, தட்டுவதற்கு இரண்டு உலோகத் தகடுகள், அவ்வளவுதான் அவருடைய சோதனைக் கருவி. கணினி மவுஸ் வருவதற்கு முந்தைய காலம் அது. ஆனாலும் பொத்தான் குறைந்தது 44 புள்ளி (திரையில் அளக்கும் அலகு) இருக்கட்டும் என்று ஆப்பிளும், 48 என்று கூகுளும் சொல்வதைப் புரிந்துகொள்ள அந்தக் கணக்கு இன்றைக்கும் உதவுகிறது. ஃபிக்மாவுக்கு ஒரு மாதம் போதும். மிச்ச நாட்களை உளவியல், எழுத்து, இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் கொஞ்சம் ஆகியவற்றுக்குக் கொடுங்கள். மனித-கணினி ஊடாட்டம் பற்றிய பாடங்கள், ஐஐடிகளின் இணையப் பாடத்தளமான என்பிடெல்லில் இலவசமாகவே இருக்கின்றன. சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

"நல்லா இருக்கா?" என்று கேட்பது

நம் ஊரில் இது ஒரு பெரிய பொறி. படிக்கிற பிள்ளை வெயிலில் வந்து நின்று ஒன்றைக் காட்டினால் நம் மக்களுக்கு மனசு இளகிவிடும். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி, டீ குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். இருபது பேரும் அப்படியே சொல்ல, 'பயனர்கள் அனைவரும் விரும்பினர்' என்று அறிக்கையில் ஏறிவிடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் மனம் நோகக்கூடாது என்று பார்த்தார்கள்.

கருத்துக் கேட்காதீர்கள். ஒரு வேலையைக் கொடுங்கள். "இதுல நாளைக்கு ஒரு டோக்கன் போடுங்கண்ணே" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எந்தச் சொல்லை இரண்டாம் முறை படிக்கிறார், எப்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உதவத்தான் கை துடிக்கும், பொறுத்திருங்கள். பேச வேண்டுமென்றால் நடந்ததைக் கேளுங்கள்: "கடைசியா எப்போ இப்படிப் பதிவு பண்ணீங்க, அன்னிக்கு என்ன ஆச்சு?" ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும், ஒரே பெரிய சோதனையைவிடச் சின்னச் சின்னதாகப் பலமுறை செய்வதே மேல் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். மாணவர்களுக்கு ஏற்ற அளவு அதுதான்.

எல்லாம் சரியாக நடக்கும் என்ற கணக்கு

உசிலம்பட்டிப் பக்கத்து மாணவர் ஒருவர், மருத்துவமனையில் நேரம் குறித்துக்கொள்ள ஒரு செயலியின் மாதிரியைச் செய்திருந்தார். நான் சொன்னதன் பேரில் தன் அப்பத்தாவிடமே கொடுத்துப் பார்த்தார். போன் எண்ணைக் கேட்டதும் அப்பத்தா தாளில் எழுதி வைத்திருந்த எண்ணைக் கொடுத்தார். அது திருப்பூரில் இருக்கும் சித்தப்பாவின் எண். எல்லாவற்றுக்கும் அதைத்தான் கொடுப்பாராம். ஓடிபி அங்கே போகும். "அவன் கம்பெனியில இருப்பான்டா, ராத்திரி சாப்பிட்டுட்டுத்தான் போன எடுப்பான்" என்றார் அப்பத்தா. செயலியில் ஓடிபிக்கு இரண்டு நிமிட அவகாசம். அதற்குப் பிறகு என்ன என்று பேரனிடம் ஒரு திரைகூட இல்லை.

பெரும்பாலான மாணவர்கள் வரைவது ஒரே வழியைத்தான்: திறந்தார், தேர்ந்தெடுத்தார், பணம் கட்டினார், நன்றி. சிக்னல் போனால், பாதியில் அழைப்பு வந்தால், பணம் எடுக்கப்பட்டு டிக்கெட் வராவிட்டால், ஒரே போனை வீட்டில் நான்கு பேர் வைத்திருந்தால்? வேலைக்குச் சேர்ந்தால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்குத்தான் போகும். அந்த மாணவர் பின்னால் தன் மாதிரியில் 'வேறொருவருக்காகப் பதிவு செய்கிறேன்' என்று ஒரு வழியைச் சேர்த்தார். அதைக் கண்டுபிடித்த பெருமை அப்பத்தாவுக்கு.

தமிழைக் கடைசியில் ஒட்டுவது

ஆங்கிலத்தில் எல்லாம் முடித்துவிட்டு, கடைசி ராத்திரி மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத் தமிழை ஒட்டுகிறார்கள். ஆறு எழுத்து 'சப்மிட்'டுக்குச் செய்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது; பாதி கீழ் வரிக்கு இறங்கும். தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். 'கீ'யின் சுழி மேலே போகிறது, 'மூ'வின் வால் கீழே வருகிறது. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் அவை வெட்டுப்படும். முதல் நாளிலேயே தமிழ்ச் சொற்களைப் போட்டு வரைந்தால் இந்தச் சிக்கலே வராது.

அடுத்தது சொல். 'ஒருமுறை கடவுச்சொல்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'ஓடிபி' என்றால் பூக்கடை அக்காவுக்கும் தெரியும். மரியாதையையும் யோசிக்க வேண்டும். 'அனுப்பு' என்பதா, 'அனுப்புங்கள்' என்பதா? பொத்தானில் 'அனுப்பு' சரி என்பது என் முடிவு. அது மனிதர் கருவிக்கு இடும் கட்டளை. பிழைச் செய்தி அப்படியல்ல, கருவி மனிதரிடம் பேசுவது. அங்கே 'எண்ணைச் சரிபாருங்கள்' என்றுதான் இருக்க வேண்டும். இதை ஆங்கிலப் பாடப்புத்தகம் சொல்லித் தராது, நாம்தான் யோசித்துத் தீர்க்க வேண்டும்.

அந்த வெளிறிய சாம்பல் எழுத்து இருக்கிறதே, அதைச் சித்திரை மாத மதியத்தில் பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்று படித்துப் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட அளவு. இலவசக் கருவிகளிலேயே அளந்துவிடலாம்.

போர்ட்ஃபோலியோவில் செய்வது

செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ. அதில் பிரபலமான பாட்டுச் செயலிக்கும் சாப்பாட்டுச் செயலிக்கும் புதுத் தோற்றம் கொடுத்து வைப்பார்கள். பத்தில் எட்டு போர்ட்ஃபோலியோவில் அதையே பார்க்கிறேன். நல்ல டிசைன் எல்லாம் பெங்களூரில்தான் என்ற நினைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதே மதுரையில்தான் இருக்கிறது. அறுவை அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் மேசைகள். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைத் தயார்செய்து வைத்திருப்பார்கள், முடித்த மருத்துவர் அப்படியே திரும்பி அடுத்ததைத் தொடங்குவார். யார் எங்கே நிற்க வேண்டும், எது எப்போது கைக்கு வர வேண்டும் என்று யோசித்து அமைத்த இந்த ஏற்பாட்டை உலகமே வந்து படிக்கிறது. நாம் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறோம்.

இரண்டு புராஜெக்ட் போதும். என்ன நினைத்துப் போனீர்கள், அங்கே எது பொய்த்தது, அதனால் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஈரக் கையைப் பார்த்தபின் அந்த மாணவி ஓரமாக வைத்த இருபது திரைகளைப் போல, நீங்கள் கைவிட்டவற்றையும் காட்டுங்கள். நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதென்றால் முதலில் தமிழில் எழுதித் தெளிந்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று வரும் விளம்பரங்களை நம்பி வீட்டில் பணம் கேட்க வேண்டாம்.

மேற்படிப்பு ஆசை உள்ளவர்கள் செய்யும் தவறு, தேதியை விடுவது. எம்.டெஸ் எனும் முதுகலை வடிவமைப்புப் படிப்புக்கான சீட் (CEED) தேர்வை ஐஐடி பம்பாய் ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்துகிறது. விண்ணப்பம் அக்டோபர் வாக்கிலேயே தொடங்கிவிடும். மூன்று வருடப் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருப்பவர்களும் எழுதலாம், எந்தப் பாடப்பிரிவு என்று பார்ப்பதில்லை. தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் (NID) பெங்களூரு வளாகத்தில் இன்டராக்‌ஷன் டிசைன் தனிப் பிரிவாகவே இருக்கிறது, ஆனால் அதற்குத் தேர்வு வேறு. சீட் தேர்வின் இரண்டாம் பகுதியில் தாளில் வரைய வேண்டும். ஓவியர் அளவுக்குத் தேவையில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் போனை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று தினமும் ஒரு கையை வரைந்து பழகுங்கள்.