பழைய இராணுவப் படங்கும் பெட்டியும்: திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடாரப் படங்கு, இரும்புப் பெட்டி, 20 லீற்றர் கான், நைலோன் பட்டி என்று பழைய இராணுவச் சாமான்களுக்கு வன்னியில் எப்போதும் வேலை இருக்கிறது. வயற்காவல் கொட்டிலுக்குக் கூரையாகவும், நீர்ப்பம்பியின் உதிரிகளை மழையில் நனையாமல் வைக்கவும் அவை உதவும். ஒழுங்காகத் திருத்தினால் புதியவற்றைவிடக் கூடுதல் காலம் உழைக்கும். அப்படி உழைக்க வேண்டிய பொருளை அவசரத் திருத்தத்தாலேயே கெடுத்துவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கடையில் விலைக்கு வாங்கிய பொருளையும் காட்டில் கண்டெடுத்த பொருளையும் ஒன்றாக நினைப்பது. 2009 இல் போர் முடிந்து மக்கள் திரும்பி வந்த பிறகும், பழைய இரும்பு பொறுக்கப் போனவர்கள் புதைந்து கிடந்த வெடிபொருள் வெடித்துக் கை கால் இழந்திருக்கிறார்கள். போர் முன்னரங்காக இருந்த முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை பத்தாண்டுக்கு மேலாக நீண்டது. காணி துப்புரவாக்கும்போதோ மூடிக் கிடந்த பதுங்குகுழியைக் கிண்டும்போதோ பெட்டி ஒன்று தட்டுப்பட்டால், அதைத் திறக்கவும் வேண்டாம், புரட்டவும் வேண்டாம். வந்த வழியிலேயே திரும்பி, மற்றவர்களையும் தடுத்து, 119 இல் பொலிஸாருக்குச் சொல்ல வேண்டும். ‘போன வருடம் இந்த வழியில் ஒன்றும் இருக்கவில்லையே’ என்ற துணிச்சலும் கூடாது. மாரி வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்ததை வெளியே கொண்டுவந்துவிடும். உருமறைப்பு நிறச் சீருடைத் துணியையும் வாங்கித் தைத்துப் போட வேண்டாம். சோதனையில் நிறுத்தினால் விளக்கம் சொல்லி மாளாது.

இனிப் படங்கு. பழைய கூடாரங்களில் பல தடித்த பருத்தித் துணி. நனைந்ததும் நூல் பருத்து இடைவெளிகளை அடைக்கிறது. மேலே ஏற்றிய மெழுகுப்பூச்சு நீரை உருட்டிவிடுகிறது. சலவைத்தூள் போட்டு ஊறவைத்தால் அந்தப் பூச்சுப் போய்விடும். அதோடு, துணியில் தங்கும் சவர்க்காரம் தண்ணீரை உள்ளே இழுக்கும். காயவைத்து, தும்புத் தூரிகையால் தட்டி, வெறும் தண்ணீரில் அலசினால் போதும். ஈரத்தோடு மடித்து வைப்பது அதைவிடக் கேடு. மாரி காலத்தில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நூல் இற்றுப்போகும். ஓரத்தை இரு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கடதாசிபோல் கிழிந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். அதில் ஒட்டுப் போட்டுப் பயனில்லை.

பலமாக இருக்கட்டும் என்று மெல்லிய நைலோன் நூலால் தைக்கிறார்கள். அது பருத்தியை மெல்ல அறுத்துவிடும். ஊசித் துளையும் திறந்தபடியே இருக்கும். தேன்மெழுகில் இழுத்த தடித்த பருத்தி நூல் நனையும்போது தானும் பருத்துத் துளையை அடைக்கும். ஒட்டுத் துண்டு அதே தடிப்பில் இருக்க வேண்டும். மூலைகளை வளைவாக வெட்டி, கிழிசலைத் தாண்டி நல்ல துணி வரை ஒரு அங்குலமாவது மேலேற்றித் தைக்க வேண்டும். தைத்து முடித்ததும் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிட்டு, அதன் பிறகும் ஒழுகும் இடத்துக்கு மட்டும் மெழுகு ஏற்றினால் போதும். கழிவு எண்ணெய் பூசுவது வேண்டவே வேண்டாம். யானை விரட்டத் தீ மூட்டும் காவல் கொட்டிலுக்கு மேலே எண்ணெய் ஊறிய துணி இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மெழுகுத் துணியும் எரியும். நெருப்பைத் தள்ளியே வைக்க வேண்டும்.

அறுவடைக் காலத்தில் இந்தப் படங்கை விரித்து நெல் காயப்போடுகிறார்கள். என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். துணி உக்காமல் இருக்க, செப்புக் கலந்த நச்சு மருந்துகளை அந்தக் காலத்தில் ஏற்றியிருக்கிறார்கள். எது ஏற்றியது, எது ஏற்றாதது என்று பார்வையில் தெரியாது. உண்ணும் தானியம் அதில் படவே கூடாது. வெட்டிய துண்டுகளை அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது.

பிளாஸ்ரிக் தறப்பாளின் சங்கதி வேறு. தைத்தால் ஊசித் துளை வரிசையிலேயே கிழியும், பசையும் பிடிக்காது. வளையம் அறுந்த மூலையில் உருண்டைக் கல்லொன்றை வைத்து, சுற்றிக் கயிறு கட்டினால் நிற்கும்.

இரும்புப் பெட்டியின் உயிர் மூடியின் ரப்பர் விளிம்பில் இருக்கிறது. கடதாசிக் கீற்றொன்றை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்தால் அந்த இடத்தால் நீர் புகும். ரப்பருக்கு மண்ணெண்ணெயோ கிறீஸோ பூசினால் ஊதிப் பழுதாகும். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உரசித் தூசியைச் சுவாசிக்க வேண்டாம்.

எரிபொருள் இருந்த கானை எவ்வளவு கழுவினாலும் அது குடிநீருக்கு ஆகாது. வெற்று எண்ணெய்ப் பரலை வெட்டுவதும் வெல்டிங் செய்து ஒட்டுவதும் நிறைந்த பரலைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும்.

நைலோன் பட்டி வெயிலில் பலம் இழக்கும். நிறம் மங்கி, விறைத்துப் போனால் சாமான் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பனை ஏறவோ கிணற்றுக்குள் ஆளை இறக்கவோ எந்தப் பழைய பட்டியையும் நம்ப வேண்டாம், அது நேற்று வாங்கியதுபோலத் தோன்றினாலும்.