கிறிஸ்துமஸ் அலங்காரம்: கடைக்குப் போகும் முன் டியூப்லைட்டை அணைத்துப் பாருங்கள்

நவம்பர் கடைசி வாரம் ஆனதும் என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, இந்த மாதிரி செய்யணும். என்னென்ன வாங்கணும்?" என்று கூடவே ஒரு கேள்வியும் வரும். நாகர்கோவில் பக்கம் எங்கள் ஆலயப் பங்கில், இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடில் கட்டும் குழுவில் ரொம்ப காலமாக இருக்கிறேன். தெரிந்தவர்களின் வீட்டு ஹாலையும் அலங்கரித்துக் கொடுப்பேன். அந்தப் படங்களைப் பார்த்ததுமே இவர்கள் எங்கே போய் மாட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் நானும் அந்த வழியில்தான் போனேன்.

ஒரே பிளக்கில் நாலு ஒயரைச் சொருகக் கூடாது, வைக்கோல் பக்கத்தில் மெழுகுவர்த்தி வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

படத்தைப் பார்த்து அப்படியே வாங்குவது

சென்ற வருடம் என் சித்தப்பா மகளுக்குப் புது வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். ஏதோ ஓர் ஐரோப்பிய வீட்டின் படத்தை போனில் சேமித்து வைத்திருந்தாள். ஆளுயர மரம், சிவப்பும் தங்க நிறமுமாகப் பந்துகள், ஜன்னலோரம் பனி, அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடை கடையாக ஏறி, அதில் இருந்த ஒவ்வொன்றையும் வாங்கிவிட்டாள். ஆறடி பிளாஸ்டிக் மரம், டஜன் டஜனாகப் பந்துகள், பை பையாகப் பஞ்சு, பல வண்ண சீரியல் லைட் எட்டு செட். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் அது. எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு எனக்கு போன் போட்டாள். "அக்கா, எல்லாம் வாங்கியாச்சு. ஆனா படத்துல உள்ளது மாதிரி வரலியே."

போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். மரம் சோபாவை இடித்துக்கொண்டு நின்றது. வெளிர் பச்சைச் சுவரில் இரண்டு எல்ஈடி டியூப்லைட் பளீரென்று எரிந்தன. அந்த வெளிச்சத்தில் சீரியல் லைட் எரிகிறதா என்று கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். பந்து ஒவ்வொன்றிலும் டியூப்லைட்டின் வெள்ளைக் கோடுதான் தெரிந்தது. நான் எதையும் நகர்த்தவில்லை. இரண்டு டியூப்லைட்டையும் அணைத்தேன். உள்ளறையில் இருந்த மஞ்சள் படுக்கை விளக்கை எடுத்து வந்து குடிலுக்குப் பக்கவாட்டில் தரையில் வைத்தேன். "ஆங், இப்ப வருது!" என்றாள். வந்ததுதான். ஆனால் அவளை மயக்கிய அந்த அழகுக்கு ஆறடி மரமும் எட்டு செட் லைட்டும் தேவையே இல்லை. அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வருடமும் அதே மாதிரி படங்கள் வருகின்றன, அதே பட்டியலோடு.

அந்தப் படங்களில் நாம் கவனிக்காமல் விடுவது இருட்டை. லண்டனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த ஊர் அலங்காரம் சீக்கிரமே இருட்டிவிடும் நீண்ட மாலைகளுக்காக உருவானது. ஜன்னலுக்கு வெளியே கருப்பு, அறையில் ஆங்காங்கே சின்னச் சின்ன மஞ்சள் விளக்குகள். நமக்கோ ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கிறது. இருட்டியதும் கை தானாக டியூப்லைட் சுவிட்சுக்குப் போகிறது.

டியூப்லைட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒளியின் நிறத்தை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை. வாங்கிய அட்டைப்பெட்டியில் இந்த எண் இருக்கும், பாருங்கள். அந்த ஒளியில் வைக்கோல், ஓலை, சுடுமண், தங்கத்தாள் எல்லாமே வெளிறிப் போகும். 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும் பல்புதான் மஞ்சள் வெளிச்சம் தரும். கடைக்காரரிடம் 'வார்ம் ஒயிட்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார். ஒரு பல்பின் விலையில் பாதி அலங்காரம் முடிந்துவிடும் என்று நான் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மாலை ஏழு மணிக்கு ஹாலில் எல்லா விளக்கையும் அணையுங்கள். நீளமான ஒயரில் ஒரு மஞ்சள் பல்பை மாட்டி, மூலை மூலையாகத் தரையில் வைத்துப் பாருங்கள். எந்த மூலையில் நிழல் அழகாக விழுகிறதோ, எது வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிறதோ, எங்கே ஆள் நடமாட்டம் இடிக்காதோ, அதுதான் உங்கள் இடம். சின்ன வீட்டுக்கு அந்த ஒரு மூலை போதும். மற்ற சுவர்களை அப்படியே விட்டுவிடுங்கள். பல்பு மட்டும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. குடில் கூரைக்குப் பின்னாலோ, ஒரு மண்சட்டிக்குப் பின்னாலோ மறைத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் வெளியே விடுங்கள். அப்புறம் போய் வாங்குங்கள். பட்டியல் எவ்வளவு சுருங்கிவிட்டது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

சீரியல் லைட் வாங்கும்போதும் இதே கணக்குதான். ஒரே நிறம், நின்று எரிவது. எட்டு விதமாக மின்னும் சின்னப் பெட்டி வைத்த செட்டை வாங்கினால், நின்று எரியும்படி வைத்திருந்தாலும், கரன்ட் போய் வந்ததும் பலவற்றில் திரும்ப மின்ன ஆரம்பித்துவிடும். எங்கள் ஊரில் கரன்ட் எத்தனை தடவை போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெட்டியே இல்லாத செட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

படத்தில் பொருளை மட்டும் பார்ப்பது

படமே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் நிறைய பார்க்கிறேன். பார்க்கும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது? மொத்தம் எத்தனை நிறம்? எவ்வளவு இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது? இந்த மூன்றையும் நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியும். பொருள் நம் வீட்டில் இருப்பதாகவே இருக்கட்டும்.

இந்த மரபே அப்படித்தான் தொடங்கியது. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் பெத்லகேம் காட்சியை அமைத்தபோது, ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, இவைதான் இருந்தன. எல்லாம் அந்த ஊரிலேயே கிடைத்தவை. 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்திவந்த யோஹான் ஹின்ரிச் விஹெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நாள் எண்ணிப் பார்ப்பதற்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான திருவருகைக் காலத்தில் இன்று ஆலயங்களில் வைக்கும் மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வந்ததுதான்.

நம் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது? குருத்தோலை ஞாயிறு அன்று ஓலையில் சிலுவை முடையாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. அந்தக் கைகளுக்கு ஓலையில் ஸ்டார் மடிக்கச் சொல்லிக் கொடுப்பது கஷ்டமே இல்லை. பனை ஓலையை நரம்பு நீக்கி, விரல் அகலத்துக்குக் கிழித்து, கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் ஒடியாமல் மடியும். நிழலில் உலர்த்தினால் பூஞ்சணம் பிடிக்காது. மஞ்சள் வெளிச்சம் பட்டால் அந்த ஓலை பொன்னாகத் தெரியும். கடையில் வாங்கும் மினுமினுப்பு ஸ்டார் எனக்கு அதன் பக்கத்தில்கூட நிற்காது. மடிக்க நேரம் இல்லையென்றால் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் பெண்கள் முடையும் ஓலைப் பெட்டிகளில் ஒன்றை வாங்கிக் கவிழ்த்து, உள்ளே சின்ன எல்ஈடி பல்பு வைத்துப் பாருங்கள்.

டிசம்பர் பூவை யாரும் நினைப்பதே இல்லை. இந்த மாதத்தில் வேலியோரம் பூத்துக் கிடக்கிறது. திருவருகைக் காலத்தின் வழிபாட்டு நிறமும் ஊதாதான். ஒரு பித்தளைத் தட்டில் நாலு மெழுகுவர்த்தி வைத்து, சுற்றி டிசம்பர் பூவைச் சரமாக வையுங்கள். ஒரு நாள்தான் தாங்கும், மறுநாள் மாற்ற வேண்டும். மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

குடிலுக்குப் பின்னால் இரவு வானம் வேண்டுமா? அம்மாவின் பழைய கருநீலப் பட்டுப்புடவையை மடிப்பு தெரியாமல் விரித்துத் தொங்கவிடுங்கள். ஜரிகைப் புட்டா இருந்தால் நட்சத்திரம் தனியாக ஒட்ட வேண்டாம்.

பஞ்சுப் பனி

வேண்டாம். தூசி பிடிக்கும், சீக்கிரம் தீப்பிடிக்கும். பெத்லகேமில் அன்று பனி பெய்ததாக நற்செய்தியில் எங்கும் இல்லை.

தெர்மாகோலில் ஸ்பிரே பெயின்ட்

தெர்மாகோலை மலை மாதிரி வெட்டி, மேலே ஸ்பிரே பெயின்ட் அடித்ததும் அது புழு அரித்தது போல் குழிந்து உருகுவதை இளைஞர் குழுவில் வருடா வருடம் பார்க்கிறேன். பெயின்டில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். சில ரப்பர் பசைகளும் அப்படியே. போஸ்டர் கலரோ சுவருக்கு அடிக்கும் தண்ணீர் கலந்த பெயின்டோ போதும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை. என்னைக் கேட்டால் மலைக்குத் தெர்மாகோலே வேண்டாம். காக்கிப் பேப்பரைக் கசக்கி, மைதாப் பசை தடவி, அட்டைப்பெட்டி மேல் போர்த்தினால் நிஜமான பாறை மடிப்பு வரும். தென்னை மரத்துப் பன்னாடையை உதறிக் காயவைத்தால் குடிலுக்குக் கூரை தயார்.

சவுக்குக் கிளையை முன்னாடியே வெட்டுவது

கிறிஸ்துமஸ் மரமாக வைக்கும் சவுக்குக் கிளை மூன்று நாலு நாளில் காய்ந்து கொட்ட ஆரம்பிக்கும். 22 அல்லது 23-ஆம் தேதி வெட்டி, வாளியில் ஈரமணல் நிரப்பி அதில் நடுங்கள். மணல் காயாமல் தினமும் ஒரு செம்பு தண்ணீர். வாளி தெரியாமல் சாக்குத்துணி சுற்றுங்கள். கிளை மெலிந்துதான் இருக்கும். அதில் பிளாஸ்டிக் பந்துகளைத் திணித்தால் வளைந்து சோர்ந்துவிடும். ஓலை ஸ்டார், காகித மணி மாதிரி கனமில்லாதவை போதும்.

முளைப்பயிரை இஷ்டத்துக்கு விதைப்பது

குடில் வாசலில் பச்சைப் புல்லுக்குக் கேழ்வரகுதான் என் கட்சி. இலை சன்னமாக இருப்பதால் சுரூபங்களின், அதாவது குடில் பொம்மைகளின், உயரத்துக்குப் பொருந்தும். இரவு ஊறவைத்து, தட்டில் ஓர் அங்குல மண்ணில் நெருக்கமாகத் தூவுங்கள். டிசம்பர் 14 வாக்கில் விதைத்தால் 24-க்குச் சரியாக இருக்கும். முதல் வாரத்திலேயே விதைத்தால் பண்டிகைக்குள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். முளைத்ததும் வெயில் படும் இடத்தில் வையுங்கள். கோதுமை இன்னும் வேகமாக வளரும், அதனால் ரெண்டு மூன்று நாள் தள்ளி விதைக்கலாம். ஆனால் அந்த உயரத்தில் ஆட்டுக்குட்டி காணாமல் போய்விடும்.

அளவு பொருந்தாத சுரூபங்கள்

மாதாவும் சூசையப்பரும் ஒரு கடையில், இடையர்கள் இன்னொரு கடையில், ஆடு மாடு வேறெங்கோ என்று வாங்கினால் ஆடு இடையரைவிடப் பெரிதாக நிற்கும். ஒரே செட்டாக வாங்குங்கள். மதுரை விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் கைவினைஞர்களே குடில் சுரூபங்களும் செய்கிறார்கள். சுடுமண்ணில் வாங்கினால் மஞ்சள் ஒளிக்கு அவ்வளவு பொருத்தம். ஏற்கெனவே கலவையாக வாங்கிவிட்டீர்களா, தூக்கிப் போட வேண்டாம். பெரியவற்றை முன்னாலும் சின்னவற்றைப் பின்னால் மலைச்சரிவிலும் வையுங்கள். தூரம் இருப்பது போலத் தெரியும்.

பாலன் இயேசுவை முதல் நாளே வைப்பது

24 நள்ளிரவு வரை தொட்டில் காலியாக இருக்கட்டும். மூன்று ராஜாக்களும் தூரத்திலேயே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஜனவரி 6-ஆம் தேதி வந்து சேரட்டும்.

காகித ஸ்டாரை மொட்டை மாடியில் கட்டுவது

வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. சன்ஷேடுக்கு அடியில் கட்டுங்கள். உள்ளே எல்ஈடி பல்பு மட்டும். பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகும்.

ஜனவரியில் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளிப் போடுவது

அடுத்த வருடச் செலவு இங்கேதான் தொடங்குகிறது. சீரியல் லைட்டைக் கையில் சுருட்டாமல் ஓர் அட்டையில் சுற்றி, முனையைச் சொருகி வையுங்கள். எது எரிகிறது, எது பழுது என்று அப்போதே பார்த்து அட்டையிலேயே எழுதிவிடுங்கள். சுரூபங்களைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, கனமானவற்றை அடியில் வையுங்கள். பாலன் இயேசுவை மட்டும் சின்ன டப்பாவில் தனியாக வையுங்கள், டிசம்பர் 24 இரவில் வீட்டைக் கவிழ்த்துத் தேடும்படி ஆகக் கூடாது. ஓலையும் வைக்கோலும் அடுத்த வருடத்துக்கு வேண்டாம், பூச்சி வரும். பல்பு வைத்த மூலையை போனில் ஒரு படம் எடுத்து, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நவம்பரில் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள், அதிலிருந்து பேசலாம்.